நெடுந்தூர ஓட்டமும் ஊக்கமருந்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெண்கள் மாரத்தானில் உலகச் சாதனை படைத்த கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெட்டிச்சுக்கு 2025 அக்டோபரில் மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அச்செய்தி வெளியானதிலிருந்து ஓட்டப் பந்தயங்களிலுள்ள ஊக்கமருந்துப் பழக்கம் குறித்து வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஊக்கமருந்து விதிகளை மீறியதாகத் தீர்ப்பான பிறகும் செப்ங்கெட்டிச்சின் உலகச் சாதனை நீக்கப்படவில்லை என்கிறார்களே, இது என்ன நியாயம்? (மதுரை வாசகர் ஒருவர்)

அவர் சிகாகோ மாரத்தானை 2 மணி 9 நிமிடம் 56 வினாடியில் ஓடி முடித்தது 2024 அக்டோபர் 13 அன்று. தடைக்குக் காரணமான சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது அதற்கு ஐந்து மாதங்கள் கழித்து, 2025 மார்ச் 14 அன்று. மாதிரி எடுக்கப்பட்ட நாளுக்கு முந்தைய பந்தயங்களிலும் மருந்து பயன்படுத்தினார் என்று தனியே நிறுவினால்தான் பழைய முடிவுகளை நீக்க முடியும். இந்த வழக்கில் அவ்வாறு நிறுவப்படவில்லை. ஆகவே சிகாகோ ஓட்டம் பதிவேட்டில் இருக்கிறது.

மாதிரியில் காணப்பட்டது ஹைட்ரோகுளோரோதயசைடு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் இந்த மருந்து யாரையும் வேகமாக ஓடவைப்பதில்லை. ஆனால் சிறுநீரைப் பெருக்கி நீர்க்கச் செய்வதால், வேறு மருந்துகளின் சுவட்டை மறைக்க இது உதவக்கூடும் என்று கருதித் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பது ஆய்வகங்கள் அறிவிக்க வேண்டிய அளவு. அவருடைய மாதிரியில் இருந்ததோ ஏறத்தாழ 3,800 நானோகிராம். உடல்நலம் குன்றியிருந்தபோது வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையை உட்கொண்டதாக அவர் பின்னர் விளக்கம் அளித்தார். குற்றத்தை முன்னதாகவே ஏற்றுக்கொண்டதற்காக நான்கு ஆண்டுத் தண்டனை மூன்றாகக் குறைக்கப்பட்டது.

முந்தைய உலகச் சாதனை 2 மணி 11 நிமிடம் 53 வினாடி. ஒரே ஓட்டத்தில் அதை ஏறத்தாழ இரண்டு நிமிடம் குறைத்தவர் ஐந்து மாதங்களில் இப்படிப் பிடிபட்டால், ஐயம் எழாமல் இருக்காது, எனக்கும் எழுகிறது. இருந்தாலும் ஐயத்தை மட்டும் கொண்டு ஒரு சாதனையை அழிக்கும் அதிகாரத்தை எந்த அமைப்புக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. தவறே செய்யாத ஓட்டக்காரருக்கும் பாதுகாப்பாக இருப்பது இந்த விதிதான்.

இந்தக் கேடு பணம் பெருகிய இக்காலத்தில் வந்ததுதானே? பழைய காலத்து ஓட்டக்காரர்கள் நேர்மையாகத்தானே ஓடினார்கள்? (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கோயம்புத்தூர்)

பழைய காலத்தைப் பற்றிய இந்த நம்பிக்கையை வரலாறு ஆதரிக்கவில்லை. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். கொளுத்தும் வெயிலில், புழுதிச் சாலையில், குடிநீர் ஓரிரு இடங்களில் மட்டுமே கிடைத்த அந்தப் பந்தயத்தில் 32 பேர் ஓடத் தொடங்கி 14 பேர்தான் முடித்தார்கள். வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸ் வழியில் தள்ளாடியபோது, உடன்வந்த உதவியாளர்கள் அவருக்கு முட்டையின் வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். பிறகு பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்ட்ரிக்னைன் எலி மருந்தாகப் பயன்பட்ட நஞ்சு. சிறிதளவில் அது நரம்புகளைத் தூண்டும், அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். உதவியாளர்களுள் ஒருவர் இதையெல்லாம் பின்னர் வெளிப்படையாகவே எழுதிவைத்தார். அன்று அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லாததால் மறைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1928இல் ஊக்கமருந்தைத் தடை செய்தது. தடை ஏட்டில் இருந்ததே தவிர, மீறியவரைக் கண்டறியும் சோதனை இல்லை. ஒலிம்பிக் போட்டிகளில் சோதனை தொடங்கியது 1968இல்தான். இடையில் நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த நாற்பது ஆண்டுகளில் யாரும் பிடிபடவில்லை என்பதை நேர்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

அதன் பிறகு வந்தது இரத்தம் ஏற்றும் முறை. ஓட்டக்காரரின் இரத்தத்தை எடுத்துச் சேமித்து வைத்து, உடல் அந்த இழப்பை ஈடுசெய்துகொண்ட பின், பந்தயத்துக்கு முன் அதை மீண்டும் உடலில் ஏற்றுவார்கள். 1970களில் பின்லாந்து ஓட்டக்காரர்கள்மீது இந்த ஐயம் பலமாக இருந்தது. 1972, 1976 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற லாஸே விரேன் அதை எப்போதும் மறுத்தார். அவர்மீது எதுவும் நிரூபிக்கப்படவும் இல்லை. அவருடைய நாட்டவரான கார்லோ மானின்கா 1980 மாஸ்கோவில் வெள்ளியும் வெண்கலமும் வென்றவர். தாம் இரத்தம் ஏற்றிக்கொண்டதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த முறை அப்போது தடைசெய்யப்பட்டிருக்கவில்லை என்பதால் பதக்கங்கள் அவரிடமே இருக்கின்றன. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்த மார்ட்டி வைனியோ, மெட்டெனொலோன் என்னும் ஸ்டீராய்டுக்காகப் பிடிபட்டார். அவருடைய வெள்ளி பிரிட்டனின் மைக் மெக்லியோடுக்குப் போனது. இரத்தம் ஏற்றுவது முறையாகத் தடைசெய்யப்பட்டது அதற்குப் பிறகுதான்.

கிழக்கு ஜெர்மனியையும் சொல்லாமல் விட முடியாது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் வால்டமார் சியர்பின்ஸ்கி, முந்தைய ஒலிம்பிக்கின் வெற்றியாளரான அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டரை 50 வினாடி வித்தியாசத்தில் வென்றார். 1980லும் தங்கம் பெற்றார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு வெளிவந்த அந்நாட்டு இரகசியக் காவல்துறை ஆவணங்களில், அரசின் ஊக்கமருந்துத் திட்டத்தில் இடம்பெற்றோர் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. பதக்கங்கள் மாற்றி வழங்கப்படவில்லை. ஷார்ட்டர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் முதல் தலைவரானார்.

இ.பி.ஓ. என்று அடிக்கடி செய்திகளில் வருகிறது. அது உடலில் என்ன செய்கிறது? நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஏன் அதையே நாடுகிறார்கள்? (உயிரியல் மாணவி, திருநெல்வேலி)

இ.பி.ஓ. என்பது எரித்ரோபொய்ட்டின் என்பதன் சுருக்கம். அது நம் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது சிறுநீரகம் இதைச் சுரந்து, சிவப்பணுக்களை மிகுதியாக உற்பத்தி செய்யுமாறு எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தச் சுரப்பு குறைவதால் கடுமையான இரத்தசோகை ஏற்படும். அவர்களுக்காக ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட இ.பி.ஓ. ஊசி மருந்துக்கு 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் எண்ணற்ற நோயாளிகளுக்கு அது உண்மையிலேயே வாழ்வளித்த மருந்து என்பதை மறந்துவிடக் கூடாது.

நூறு மீட்டர் ஓட்டம் பத்து வினாடியில் முடிந்துவிடும். அந்நேரத்துக்குள் தசைகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது என்பது பெரிய விஷயமல்ல. பத்தாயிரம் மீட்டரிலும் மாரத்தானிலும் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிவப்பணுக்கள் கூடினால் ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் தசைக்குச் சேரும் ஆக்சிஜன் கூடும். ஒரே வேகத்தை அதிக நேரம் தாங்க முடியும். முன்னணி ஓட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்கூட இருப்பதில்லை. அத்தகைய இடத்தில் இந்த மருந்து தரும் பயன் பந்தயத்தையே புரட்டிப் போட்டுவிடும். அளவு மீறிச் சிவப்பணுக்கள் பெருகினால் இரத்தம் குழம்பாகி உறைகட்டிகள் உண்டாகும், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி வகுக்கும்.

சர்வதேச ஒலிம்பிக் குழு 1990இல் இதைத் தடை செய்தது. ஆனால் உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோனையும் ஊசியில் வந்த ஹார்மோனையும் பிரித்தறியும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. மருந்து சந்தைக்கு வந்ததற்கும் சோதனை வந்ததற்கும் இடையே பதினோரு ஆண்டுகள். அக்காலத்தில், 1989இல் 27 நிமிடம் 8 வினாடியாக இருந்த ஆடவர் 10,000 மீட்டர் சாதனை 1998க்குள் 26 நிமிடம் 22 வினாடிக்கு இறங்கியது. இதைக் காட்டி அச்சாதனைகளைப் படைத்த எவர்மீதும் பழி சுமத்தக் கூடாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களிலிருந்து பெருந்திறமையாளர்கள் வந்ததும், வேகம் வகுத்துக் கொடுக்கும் துணை ஓட்டக்காரர்களும் பரிசுப் பணமும் பெருகியதும் அதே பத்தாண்டுகளில்தான். சோதனை வந்த பிறகும் அந்தச் சாதனை மேலும் இறங்கியது. ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளில் யார் தூய்மையாக ஓடினார், யார் ஓடவில்லை என்று காட்டும் ஆதாரம் எவரிடமும் இல்லை. தூய்மையாக ஓடியவர்களுக்கு இது பெரிய அநீதி; அவர்கள் தம்மை நிரூபித்துக்கொள்ளும் வழியே இல்லாமல் போய்விட்டது.

சோதனை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 2001இல் ரஷ்யாவின் ஓல்கா யெகோரோவா பாரிஸ் பந்தயத்தில் கொடுத்த சிறுநீரில் இ.பி.ஓ. தெரிந்தும், விதிப்படி உடன் எடுத்திருக்க வேண்டிய இரத்த மாதிரி எடுக்கப்படாததால் அவர் விடுவிக்கப்பட்டார். சில வாரங்களில் எட்மன்டன் உலகப் போட்டியில் 5,000 மீட்டர் தங்கமும் வென்றார். ஊசி போட்ட சில நாள்களில் மருந்தின் சுவடு மறைந்துவிடுகிறது. மிகச் சிறு அளவாகப் பிரித்துப் போட்டுக்கொண்டால் இன்னும் விரைவில் மறைகிறது. இந்தச் சிக்கலுக்கு விடையாகவே 2009இல் உயிரியல் கடவுச்சீட்டு முறை வந்தது. மருந்தைத் தேடுவதை விட்டு, ஓட்டக்காரரின் ஹீமோகுளோபின், இளம் சிவப்பணுக்களின் விகிதம் முதலியவற்றை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து, இயற்கையாக நேர முடியாத ஏற்ற இறக்கத்தைத் தேடுவது அதன் அடிப்படை. சிகாகோவில் மூன்று முறையும் லண்டனில் ஒரு முறையும் வென்ற ரஷ்யாவின் லிலியா ஷொபுகோவா சிக்கியது இதில்தான். அந்தப் பதிவுகளை மறைப்பதற்காக அவர் நான்கரை இலட்சம் யூரோ கொடுத்திருந்ததும், சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த லமீன் தியாக்கே இத்தகைய மறைப்புகளுக்காக 2020இல் பாரிஸ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதும் இந்த விளையாட்டின் மிக இருண்ட பக்கம். காவல் காக்க வேண்டியவர்களே விலை பேசியதை, ஊசி போட்டுக்கொண்ட ஓட்டக்காரரின் குற்றத்தைவிடப் பெரிய குற்றமாகவே நான் கருதுகிறேன்.

நேரடியாகக் கேட்கிறேன்: நூறு பேர் ஓடினால் அவர்களில் எத்தனை பேர் ஊக்கமருந்து எடுத்தவர்கள்? (சென்னை வாசகர்)

நேரடியான ஒற்றை எண் கிடையாது. வெவ்வேறு வழிகளில் அளந்தவர்கள் வெவ்வேறு விடைகளைப் பெற்றிருக்கிறார்கள். அந்த விடைகளுக்கு இடையிலுள்ள தொலைவே கவனிக்க வேண்டியது.

உலகெங்கும் எல்லா விளையாட்டுகளிலும் எடுக்கப்படும் மாதிரிகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவானவையே சிக்குகின்றன. 2011 தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் சோதனையில் சிக்கியவர்கள் நூற்றுக்கு அரை. அதே போட்டியில் ஆய்வாளர்கள் வேறொன்றும் செய்தார்கள். அங்கு வந்திருந்தவர்களில் 1,202 பேரிடமும், அதே ஆண்டு தோஹாவில் நடந்த அரபு நாடுகளின் போட்டியில் 965 பேரிடமும் பெயர் கேட்காமல் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒருவரின் பிறந்தநாளை மனத்துக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதியைப் பொறுத்து, பிறந்தநாள் பற்றிய தீங்கற்ற ஒரு கேள்விக்கோ, கடந்த ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்தீர்களா என்ற கேள்விக்கோ 'ஆம்', 'இல்லை' என்று சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கு அவர் விடையளித்தார் என்பது கேட்டவருக்குத் தெரியாது. ஆகவே உண்மையைச் சொல்வதால் எவருக்கும் ஆபத்தில்லை. மொத்த விடைகளிலிருந்து கணிதத்தால் விகிதத்தைப் பிரித்தெடுக்கலாம். அப்படிக் கணக்கிட்டபோது தேகுவில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினரும் தோஹாவில் 57 விழுக்காட்டினரும் ஊக்கமருந்து எடுத்ததாகத் தெரிந்தது. இந்த ஆய்வு வெளியாகவே ஆறு ஆண்டுகள் பிடித்தன.

இது நெடுந்தூர ஓட்டக்காரர்களை மட்டும் கொண்ட கணக்கன்று. அவசரத்தில் ஏதோ ஒரு விடையைக் கொடுத்தவர்களும் இருந்திருக்கக்கூடும் என்பதால் எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. நெடுந்தூர ஓட்டத்துக்கு நெருக்கமான அளவு இரத்தப் பதிவுகளிலிருந்து கிடைக்கிறது. 2001 முதல் 2009 வரை எடுக்கப்பட்ட 7,289 இரத்த மாதிரிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, இரத்தம் ஏற்றுதல், இ.பி.ஓ. போன்ற இரத்த முறைகேடு சராசரியாக 14 விழுக்காடு இருக்கும் என்றும், நாட்டுக்கு நாடு அது 1 முதல் 48 வரை மாறுகிறது என்றும் மதிப்பிட்டது. 2011 தேகு, 2013 மாஸ்கோ உலகப் போட்டிகளின் தாங்குதிறன் ஓட்டக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்ட இன்னோர் ஆய்வு முறையே 18, 15 விழுக்காடு என்று கணித்தது. ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியும் லண்டன் சண்டே டைம்ஸ் இதழும் 2015இல் கசிந்த பதிவுகளை வெளியிட்டபோது, 2001 முதல் 2012 வரையிலான ஒலிம்பிக், உலகப் போட்டிகளின் தாங்குதிறன் ஓட்டங்களில் மூன்றில் ஒரு பங்குப் பதக்கங்களை ஐயத்துக்குரிய இரத்தப் பதிவு உடையவர்கள் பெற்றிருந்ததாக வல்லுநர்கள் கூறினர். ஐயத்துக்குரிய பதிவு என்பது குற்றம் நிரூபணமானதாகாது என்று கூட்டமைப்பு மறுத்தது. உயரமான மலைப்பகுதிப் பயிற்சியும் உடலில் நீர் குறைவதும் அதே அளவீடுகளை மாற்றும் என்பதால், அந்த மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு.

இவற்றை எல்லாம் வைத்து நான் சொல்லத் துணிவது இதுதான்: அந்தக் காலகட்டத்தில் உலகத் தரத்தில் ஓடியவர்களில் ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒருவர் இரத்தத்தில் கைவைத்திருந்தார். சோதனை பிடித்ததோ அதில் சிறு பகுதியைத்தான். எனவே பிடிபட்டோர் பட்டியலின் நீளத்தை வைத்து ஒரு காலத்தையோ நாட்டையோ நல்லது, கெட்டது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அது பெரும்பாலும் எவ்வளவு தேடினார்கள் என்பதையே காட்டுகிறது.

1993இல் சீனப் பெண்கள் ஆமை இரத்தம் குடித்து ஓடியதாகப் படித்திருக்கிறேன். அந்தச் சாதனைகள் என்னவாயின? (ஈரோடு வாசகி)

பயிற்சியாளர் மா ஜுன்ரென் அவ்வாறுதான் சொல்லிவந்தார். 1993 செப்டம்பரில் பெய்ஜிங்கில் வாங் ஜுன்சியா 10,000 மீட்டர் உலகச் சாதனையை ஒரேயடியாக 42 வினாடி குறைத்தார். சில நாள்களில் 3,000 மீட்டரை 8 நிமிடம் 6.11 வினாடியில் ஓடினார். 2000 சிட்னிக்கு முன் இரத்தச் சோதனைகளை அடுத்து மாவின் ஏழு வீராங்கனைகளில் ஆறு பேர் சீன ஒலிம்பிக் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தங்களைக் கட்டாயப்படுத்தி ஊக்கமருந்து கொடுத்தார்கள் என்று வாங்கும் உடன் ஓடியவர்களும் 1995இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016இல் வெளியானது. பத்தாயிரம் மீட்டர் சாதனையை 2016 ரியோ ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா முறியடித்தார். மூவாயிரம் மீட்டர் சாதனை முப்பது ஆண்டுகள் கடந்தும் முறியடிக்கப்படாமல் நின்றது.

கென்யர்கள் இவ்வளவு பேர் பிடிபடுவது ஏன்? அவர்கள் இயற்கையிலேயே சிறந்த ஓட்டக்காரர்கள் என்று நம்பியது பொய்யா? (சேலம் வாசகர்)

கென்யாவின் திறமை பொய்யல்ல. கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இட்டென் போன்ற ஊர்களில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் ஓடுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் எந்த மருந்தையும் தொடாதவர்கள்.

ஆனால் நெடுங்காலம் அவர்களைச் சோதிக்க ஆள் இல்லை. நாட்டின் ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை முறையான சட்டத்தின்கீழ் வந்ததே 2016இல்தான்; சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பின் தனி விசாரணை அமைப்பான தடகள நேர்மைப் பிரிவு 2017இல் மொனாக்கோவில் தொடங்கியது. அதன் பிறகு பட்டியல் நீண்டது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் வென்ற ரீட்டா ஜெப்டூ 2014லேயே இ.பி.ஓ.வில் சிக்கியிருந்தார். 2016 ரியோ மாரத்தான் தங்கம் வென்ற ஜெமிமா சும்கொங் மறு ஆண்டே அதே மருந்தில் சிக்கி, பிறகு பொய்யான மருத்துவ ஆவணம் கொடுத்ததற்காக எட்டாண்டுத் தடை பெற்றார். அவருடைய ரியோ தங்கம் பறிக்கப்படவில்லை. 2008 பெய்ஜிங்கில் 1,500 மீட்டரில் முதலில் வந்த பஹ்ரைன் வீரர் ரஷீத் ராம்சி மருந்தில் சிக்கியதால் தங்கத்தைப் பெற்ற அஸ்பெல் கிப்ரோப், தாமே இ.பி.ஓ.வுக்காக நான்காண்டு தடைசெய்யப்பட்டார். சாலையில் 10 கிலோமீட்டரை 26 நிமிடம் 24 வினாடியில் ஓடிய ரோனெக்ஸ் கிப்ருட்டோவின் சாதனை, உயிரியல் கடவுச்சீட்டின் அடிப்படையில் 2024இல் நீக்கப்பட்டது. முன்னாள் மாரத்தான் உலகச் சாதனையாளர் வில்சன் கிப்சாங், சோதனைக்கு இருக்குமிடம் தெரிவிக்கும் கடமையில் தவறியதற்காகத் தடை பெற்றார்.

ரஷ்யாவில் நடந்தது அரசின் கையால் நடந்தது. கென்யாவில் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை கண்டது வேறு: ஒருங்கிணைப்பில்லாத, தனித்தனியான, பெரும்பாலும் உள்ளூர் மருந்துக்கடைக்காரரும் தகுதியற்ற மருத்துவரும் நடத்தும் வியாபாரம். பெரிய மாரத்தான் ஒன்றில் முதலிடம் வந்தால் கிடைக்கும் ஒரு இலட்சம் டாலரில் ஒரு குடும்பம் நிலம் வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம். வறுமை ஏமாற்றுவதை நியாயப்படுத்தாது என்பவர்கள் சொல்வது சரி. ஆயினும் தண்டனை முழுவதும் ஓட்டக்காரர்மீதே விழுந்து, ஊசி விற்றவரும் பங்கு வாங்கிய முகவரும் அடுத்த இளைஞரைத் தேடிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022இல் நாட்டின் ஓட்டக்காரர்கள் அனைவர்மீதும் தடை வரும் நிலையில் கென்ய அரசு ஐந்தாண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்குவதாக உறுதியளித்தது. சோதனைகள் பெருகின, பிடிபடுவோரும் பெருகினர். பட்டியலின் நீளம் எவ்வளவு தேடினார்கள் என்பதையே காட்டுகிறது என்று சென்னை வாசகருக்குச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

நம் நாட்டில் நிலைமை எப்படி? (திருச்சிராப்பள்ளி கல்லூரி மாணவர்)

கவலைக்குரியது. உலக முகமையின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 சிக்கின, விகிதம் 3.8 விழுக்காடு. பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக அதிகம். மறு ஆண்டு 7,113 மாதிரிகளில் 260. 2023 செப்டம்பரில் டில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்த செய்தி பரவியதும், 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். ஸ்டீப்பிள்சேஸ் என்னும் தடைதாண்டும் நீள் ஓட்டத்தில் ஓடிய இளம்பெண் ஒருவர் முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்துவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 800 மீட்டர் நெடுந்தூர ஓட்டம் அன்று, நடுத்தூர ஓட்டம். எனினும் அவருடைய வழக்கு இங்கே பொருத்தமானது. 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியத் தங்கம் வென்றார். நான்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டுக்காக நான்காண்டுத் தடையும் பதக்க இழப்பும் நேர்ந்தன. அதற்கு முந்தைய மாதம் பட்டியாலாவில் எடுக்கப்பட்ட அவருடைய மாதிரியிலேயே மருந்து இருந்தது. அந்த முடிவு நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். ஒரு மாநிலமே கொண்டாடிப் பிறகு தலைகுனிய நேர்ந்திருக்காது. நம் நாட்டின் தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக முகமை அதே ஆண்டு ஆகஸ்டில் தற்காலிகமாக நிறுத்திவைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் மகள் பள்ளி அளவில் 3,000 மீட்டர் ஓடுகிறாள். தெரியாமல் ஏதாவது மருந்து உடலில் சேர்ந்து சிக்கிவிடுவாளோ என்று அச்சமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? (தஞ்சாவூர்த் தந்தை ஒருவர்)

உங்கள் அச்சம் நியாயமானது. உடலில் சேர்ந்த பொருளுக்கு ஓட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் விதி. தெரியாமல் சேர்ந்தது என்று காட்டினால் தண்டனை குறையலாம். மீறல் மீறலாகவே இருக்கும். மகளுக்குக் காய்ச்சலோ வலியோ வந்தால், அவள் போட்டிகளில் ஓடுபவள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரையை அவளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் பலர் உட்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரைகளில், வேறொரு மருந்தோடு சேர்ந்து, செப்ங்கெட்டிச்சைச் சிக்கவைத்த அதே ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. முழங்கால் வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிகள் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. நோய்க்கு அந்த மருந்து தவிர்க்க முடியாதது என்றால், மருத்துவச் சான்றுடன் சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது சத்து மாவு, புரதப் பொடி என்ற பெயரில் விற்கப்படுபவற்றில். டப்பாவில் அச்சிடப்படாத பொருள்கள் அவற்றில் கலந்திருந்த நிகழ்வுகள் பல உண்டு. பள்ளி மாணவிக்கு அவை தேவையே இல்லை. பயிற்சியாளர் எவராவது பெயர் சொல்லாமல் மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் அன்றே அவரிடமிருந்து மகளை விலக்கிவிடுங்கள்.

பல ஆண்டுகள் கழித்துப் பதக்கத்தை மாற்றிக் கொடுப்பதால் யாருக்கு என்ன பயன்? (புதுச்சேரி வாசகி)

பயன் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. 2012 லண்டனின் பெண்கள் 1,500 மீட்டர் இறுதியில் முதல் ஒன்பது இடங்களில் வந்தவர்களுள் ஐந்து பேரின் முடிவுகள் பின்னர் நீக்கப்பட்டன. அவர்களுள் ஒருவரான ரஷ்யாவின் தத்யானா தொமஷோவா 2008இலேயே சிறுநீர் மாதிரியை மாற்றிக் கொடுத்ததற்காகத் தடைபெற்றுத் திரும்பியவர். அன்று ஆறாவதாக வந்த அமெரிக்காவின் ஷானன் ரோபெரி வெண்கலத்துக்கு உரியவரானது 2024இல். அதற்குள் அவர் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பதக்கத்தோடு வரும் விளம்பர ஒப்பந்தங்களும், தம் கொடி ஏறுவதை அரங்கில் நின்று காணும் அந்த நேரமும் பன்னிரண்டு ஆண்டு தாமதத்தில் கிடைப்பவை அல்ல.

எத்தியோப்பியாவின் புசுனேஷ் தெபாவின் கதை இதைவிடக் கசப்பானது. 2014 பாஸ்டன் மாரத்தானில் ஜெப்டூவுக்குப் பின்னால் இரண்டாவதாக 2 மணி 19 நிமிடம் 59 வினாடியில் ஓடினார். ஜெப்டூ நீக்கப்பட்டதும் 2016இல் இவரே வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டது. பரிசுப் பணம் மட்டும் வரவில்லை. ஜெப்டூவிடமிருந்து அது திரும்பி வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். பத்தாண்டுகள் கழித்து, 2024இல், செய்தித்தாளில் இதைப் படித்த ஒரு தனிமனிதர் தம் சொந்தப் பணத்திலிருந்து 75,000 டாலரை அவருக்குக் கொடுத்தார். அதன் பிறகே, ஊக்கமருந்தால் பரிசை இழந்த பழைய ஓட்டக்காரர்களுக்குத் தாங்களே பணம் தருவதாகப் பந்தய அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். மற்றப் பெரிய மாரத்தான்களும் இதையே செய்ய வேண்டும். ஏமாற்றியவரிடம் வசூலிக்கும் வேலை அமைப்பாளருடையது. ஏமாற்றப்பட்டவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மாதிரிகளைப் பத்தாண்டுகள் வரை சேமித்து வைத்து, புதிய முறைகள் வரும்போது மீண்டும் சோதிக்க இப்போதைய விதி இடம் தருகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மாதிரிகளை 2034 வரை திறந்து பார்க்கலாம். இ.பி.ஓ.வுக்குச் சோதனை கண்டுபிடிக்கவே பதினோரு ஆண்டுகள் ஆனதை எண்ணும்போது இந்தக் காலவரம்பு குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை இருபது ஆண்டுகளாக்க வேண்டும்.